ஆர்செனிக்கும் உழவர் உடலும்: வங்கப் படுகையிலிருந்து காவிரிக் கரை வரை

ஆர்செனிக் பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே கலந்திருக்கும் ஒரு தனிமம். அதன் கூட்டுப்பொருள்களை அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்ற பெயர்களில் சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறியும். ஒரே வேளையில் மிகுதியாக உட்கொண்டால் உயிர் போகும் என்பது ஊரறிந்த செய்தி. நாள்தோறும் மிகச் சிறிய அளவில், இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது வெகுகாலம் கழித்தே படிப்படியாகத் தெரியவந்தது. இந்த மெதுவான நஞ்சேற்றத்துக்கு மிகுதியாக ஆளானவர்கள் உழவர்கள். குடிக்கும் நீர், உண்ணும் சோறு, பயிருக்குத் தெளித்த மருந்து ஆகிய மூன்று வழிகளிலும் அது அவர்களை அடைந்திருக்கிறது.

மருந்தின் வழியாக வந்த கதை பழையது. டி.டி.டி. போன்ற செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் வருவதற்கு முன், ஈய ஆர்செனேட்டும் கால்சியம் ஆர்செனேட்டும் பாரிஸ் பச்சை எனப்படும் செம்பு–ஆர்செனிக் கூட்டும்தான் உலகெங்கும் பயிர்ப் பாதுகாப்பின் முதுகெலும்பாக இருந்தன. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் திராட்சை பயிரிட்டவர்கள் 1920களிலிருந்து இம்மருந்துகளைத் தெளித்து வந்தனர். தெளிக்கும்போது மூச்சில் கலந்தது ஒரு பங்கு. பிழிந்த சக்கையில் நீர் சேர்த்து வீட்டுக்கென்று அவர்கள் புளிக்கவைத்த மலிவான பானத்தில் தினமும் வயிற்றுக்குள் போனது மற்றொரு பங்கு. 1942இல் அங்கே ஆர்செனிக் மருந்துகள் தடைசெய்யப்பட்டன. ஆனால் தோல் தடிப்பும் கல்லீரல் சுருக்கமும் நுரையீரல் புற்றும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த உழவர்களிடம் தோன்றிக்கொண்டே இருந்தன. உடம்புக்குள் போவது நின்ற பிறகும் நோய் வருவது நிற்பதில்லை என்பதை மருத்துவ உலகம் இவர்களிடம் தெளிவாகக் கண்டது. இந்தியாவில் பாரிஸ் பச்சை தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் உள்ளது. கால்சியம் ஆர்செனேட்டுக்குப் பதிவு மறுக்கப்பட்டுள்ளது. மருந்து போனாலும் மண் மறப்பதில்லை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஒருகாலத்தில் பருத்திக்கு ஆர்செனிக் தெளித்த நிலங்கள் பிற்பாடு நெல் வயல்களாயின. அங்கு விளையும் அரிசியில் ஆர்செனிக் கூடுதலாக இருப்பதற்கு அந்தப் பழைய தெளிப்பும் ஒரு காரணம்.

இந்திய உழவரைப் பொறுத்தவரை பெருங்கேடு நிலத்தடி நீரின் வழியாகவே வந்தது. 1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாஹாவிடம் இருபத்து நான்கு பர்கனா மாவட்டத்துக் கிராமத்தார் சிலர் வந்தனர். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோல் கரும்புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கெட்டியான தடிப்புகள். அவர்கள் குடித்துவந்த குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பதை சாஹா கண்டறிந்தார். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான கிணறுகளின் நீரையும் மக்களின் முடி, நகம், சிறுநீரையும் சோதித்தார். நதியா, முர்ஷிதாபாத், மால்டா, வடக்கு, தெற்கு இருபத்து நான்கு பர்கனா மாவட்டங்கள் என்று மேற்கு வங்கத்தில் வரைபடம் விரிந்துகொண்டே போனது. 1993இல் வங்கதேசத்தில் சபாய் நவாப்கஞ்சிலும், 2002இல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்துச் செமரியா ஓஜா பட்டியிலும், அதற்கடுத்து உத்தரப் பிரதேசத்தின் பலியாவிலும் அதே நீர், அதே புள்ளிகள். 2018இல் மறையும் வரை சக்ரவர்த்தி இந்தப் பணியை விடவில்லை. ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரம் இத்தனை காலம் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் பிடிவாதத்தை நம்பி நின்றது பெருமைப்பட வேண்டியதும் வருந்த வேண்டியதும் ஆகும்.

வங்கதேசத்தில் கேட்டின் அளவு இன்னும் பெரியது. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் பிரிட்டன் புவியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 3,534 கிணறுகளைச் சோதித்து 2001இல் அறிக்கை வெளியிட்டன. ஆழம் குறைந்த கிணறுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 3.5 கோடி மக்கள் அந்த அளவுக்கு மேற்பட்ட நீரையும், 5.7 கோடி மக்கள் 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட நீரையும் குடிப்பதாக அந்த அறிக்கை மதிப்பிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இந்தியத் தர நிறுவனம் ஏற்கத்தக்கதென்று சொல்லும் அளவும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு.

இந்த நஞ்சை எந்த ஆலையும் கொட்டவில்லை. இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துவந்த வண்டலில் இரும்புத் துருவின் நுண்படலம் மணல் துகள்களைப் போர்த்தியிருக்கிறது. அந்தத் துருவில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணில் அது அளவுக்கு மீறியும் இல்லை. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் படிந்த இளம் வண்டலில் தாவரக் கழிவு மக்கிப் புதைந்து கிடக்கிறது; காற்று எட்டாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாழ்கின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அவை இரும்புத் துருவைப் பயன்படுத்தி மூச்சுவிடுகின்றன. துரு கரைகிறது, ஒட்டியிருந்த ஆர்செனிக் நீரில் இறங்குகிறது. சமதளமான படுகையில் நிலத்தடி நீர் மிக மெல்ல நகர்வதால் இறங்கியது அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. நிலத்தடி நீர் வற்றுவதால் கந்தகக் கனிமங்கள் காற்றுப்பட்டு ஆர்செனிக்கை விடுகின்றன என்று முதலில் கருதியவர்களும் இருந்தனர். 1998இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு துரு கரைவதே முதன்மைக் காரணம் என்ற விளக்கம் நிலைபெற்றது. நஞ்சு மிகுந்த அடுக்கு பெரும்பாலும் 15 முதல் 100 மீட்டர் ஆழத்துக்குள் கிடக்கிறது. 150 மீட்டருக்குக் கீழே உள்ள பழைய, பழுப்பு மஞ்சள் நிற மணல் பெரும்பாலான இடங்களில் நல்ல நீரையே தருகிறது. ஏழை உழவரால் போட முடிந்த குழாயின் ஆழமும் நஞ்சடுக்கின் ஆழமும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் இதில் கொடுமை.

குழாய்க் கிணறு கெட்ட எண்ணத்தோடு வந்ததும் அன்று. குளத்து நீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த வங்கதேசத்தில் 1970களில் யூனிசெஃப் உதவியோடு அடிகுழாய்கள் பரவின. அதே காலத்தில் கோடையில் பயிரிடும் போரோ நெல்லுக்காக வயல்களில் பம்புசெட்டுகள் முளைத்தன. குழந்தை இறப்பு குறைந்தது, நெல் பெருகியது. இரண்டும் உண்மையான நன்மைகள். நீரில் கிருமி உண்டா என்று பார்த்தவர்கள் ஆர்செனிக் உண்டா என்று பார்க்கவில்லை.

நிறமில்லை, மணமில்லை, சுவையும் மாறுவதில்லை. ஆர்செனிக் கலந்த நீர் கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். இங்கேதான் திருச்சிராப்பள்ளிக்காரர்கள் அறிந்த வேறொரு மாசோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் விளைநிலம் கெட்டதைப் பதிவுசெய்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்குப்படி தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அது எடுத்துக்காட்டியது. வட ஆர்க்காடு, ஈரோடு, திண்டுக்கல், செங்கை மாவட்டங்களோடு திருச்சி மாவட்டத்து ஆலைகளுக்கும் அபராதம் விதித்தது. குரோமியமும் உப்பும் கலந்த அந்த நீரை உழவர் நாக்கிலேயே உணர்ந்தார். நிறம் மாறியது, தென்னை வாடியது, கிணறு கரித்தது. அதனால் போராட முடிந்தது. ஆர்செனிக் விஷயத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை கிடையாது. பயிர் பச்சையாக நிற்கும், நீர் இனிக்கும்.

குடும்பத்தில் எல்லாரும் ஒரே கிணற்று நீரைக் குடித்தாலும் வயலில் வேலை செய்பவருக்கு நஞ்சு கூடுதலாகச் சேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒரு பெரியவர் நாளுக்கு 2 லிட்டர் குடிப்பதாக எடுத்துக்கொள்கிறது. வெயிலில் நடவோ களையோ அறுவடையோ செய்பவருக்கு அது காலை வேளைக்கே போதாது. நான்கைந்து லிட்டர் குடிப்பது இயல்பு. வீட்டில் நல்ல குழாய் போட்டுக் கொடுத்த பிறகும் வயலில் பம்புசெட் நீரையே உழவர்கள் குடிப்பதை வங்கத்தில் ஆய்வாளர்கள் கண்டனர். காவிரிப் பக்கத்திலும் இது புதிதில்லை. மோட்டார் ஓடும் நேரத்தில் தொட்டியில் விழும் நீரைக் கைகுவித்துக் குடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டுதான் அடுத்த வேலைக்குப் போவார்கள். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் உள்ள நீரை 4 லிட்டர் குடித்தால் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். வீட்டிலிருந்து 2 லிட்டர் குடிப்பவருக்கு அதில் பாதி.

வெயிலும் தனியாக ஒரு பங்கு ஆற்றுகிறது. வங்கதேசத்தின் ஆராய்ஹசாரில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 12,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரே அளவு ஆர்செனிக் குடித்த ஆண்களுள் வெயிலில் மிகுதியாக உழைத்தவர்களுக்கும் புகைபிடித்தவர்களுக்கும் உரம் கையாண்டவர்களுக்கும் தோல் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது. அதே ஆய்வின் 2010ஆம் ஆண்டு முடிவு இன்னும் கனமானது: அந்த மக்களிடையே நேர்ந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல், 10 மைக்ரோகிராமைத் தாண்டிய ஆர்செனிக்கோடு தொடர்புடையது.

நோயை முதலில் காட்டிக்கொடுப்பது கை. அந்தக் கையே உழவரிடம் ஏமாற்றவும் செய்கிறது. மண்வெட்டியும் அரிவாளும் பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு இருப்பது யாருக்கும் வியப்பில்லை. உழைப்பால் வரும் காய்ப்பு, பிடி அழுத்தும் இடத்தில், விரல்களின் அடிமேட்டில் வரும். ஆர்செனிக் தடிப்பு அழுத்தம் படாத இடங்களிலும் வரும்: கட்டைவிரல் மேட்டில், உள்ளங்கையின் ஓரத்தில், விரல்களின் பக்கவாட்டில். தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. உள்ளங்கையை விரலால் நீவினால் தோலுக்குள் மணல் பதிந்ததுபோல் 2 மில்லிமீட்டருக்கும் சிறிய முடிச்சுகள் தட்டுப்படும். இரு கைகளிலும் இரு கால்களிலும் ஒருசேர இருக்கும். பின்னர் அவை மரு அளவுக்கு வளர்ந்து வெடிக்கும். நடக்கவும் நாற்றுப் பிடிக்கவும் முடியாமல் போகும். தோலைக் கண்டு தொழுநோய் என்று ஒதுக்கிய ஊர்கள் உண்டு, திருமணம் நின்றுபோன பெண்கள் உண்டு. ஆர்செனிக் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

தோலுக்கு உள்ளே நடப்பதுதான் உயிரைக் குடிப்பது. நீரில் உள்ள கனிம ஆர்செனிக்கைக் கல்லீரல் மெத்தில் தொகுதிகளைச் சேர்த்து மாற்றி, சிறுநீர் வழியே வெளியேற்றப் பார்க்கிறது. இந்த மாற்றம் பாதியில் நிற்கும்போது உண்டாகும் இடைப்பொருள் செல்களுக்குப் பெரிய தீங்கு செய்கிறது. மாற்றம் முழுமையாக நடக்க ஃபோலிக் அமிலம் தேவை. வங்கதேசத்தில் ஃபோலிக் அமிலக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் 12 வாரம் கொடுத்தபோது இரத்தத்தில் ஆர்செனிக் குறைந்தது. கீரையும் பயறும் வாங்க முடியாத கூலி உழவருக்கு, அதே நீரைக் குடிக்கும் நிலக்காரரைவிட நோய் ஏன் கடுமையாக வருகிறது என்பதற்கு இதில் பாதி விடை உள்ளது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள்களின் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆர்செனிக்கை வைத்திருக்கிறது. சிலி நாட்டின் அந்தோஃபகஸ்தா நகருக்கு 1958 முதல் 1970 வரை லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம் ஆர்செனிக் கொண்ட ஆற்றுநீர் வழங்கப்பட்டது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்புகள் உச்சத்தைத் தொட்டதோ அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. முறிவு மருந்து எதுவும் நம்பத்தக்க வகையில் பயன் தரவில்லை. நஞ்சுள்ள நீரை நிறுத்துவதே சிகிச்சையின் முதற்படி.

நீரை நிறுத்திவிட்டால் போதும் என்றுதான் நீண்ட காலம் எண்ணப்பட்டது. அரிசி அந்த எண்ணத்தை மாற்றியது. கோடை நெல்லுக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நீர் பாய்கிறது. ஒரு ஏக்கரில் அது நாற்பது லட்சம் லிட்டர். நீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருந்தால் ஒரு பருவத்தில் ஏக்கருக்கு 400 கிராம் ஆர்செனிக் வயலில் இறங்குகிறது. மழைவெள்ளம் ஒரு பகுதியைக் கழுவிக்கொண்டு போகும். மிச்சம் மடைவாய்க்கு அருகே மேல்மண்ணில் சேரும். வங்கதேசத்தின் ஃபரித்பூரில் ஒரே பாசனப் பரப்பில் செய்த சோதனையில், மண்ணில் ஆர்செனிக் மிகுந்த பகுதியின் நெல் விளைச்சல், ஆர்செனிக் குறைந்த பகுதியின் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. கதிர் வரும், மணி பிடிக்காது. உடல்நலத்தோடு மகசூலும் போகும்போதுதான் உழவர் முழுமையாக ஏழையாகிறார்.

தானியங்களில் நெல்லுக்கு மட்டும் இந்தக் கேடு ஏன் கூடுதல் என்பது அதன் வேரில் இருக்கிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆர்செனிக் எளிதில் கரையும் வடிவுக்கு மாறுகிறது. அந்த வடிவம் சிலிக்கா மூலக்கூற்றை ஒத்திருக்கிறது. தண்டு உறுதிப்படவும் பூச்சியைத் தடுக்கவும் நெல் சிலிக்காவை விரும்பி இழுக்கும் பயிர். சிலிக்காவுக்கென்று வேரில் உள்ள வாயில்களின் வழியே ஆர்செனிக்கும் உள்ளே புகுந்துவிடுகிறது. வேரில் அதிகம், வைக்கோலில் அதற்குக் குறைவு, மணியில் இன்னும் குறைவு. மணியிலும் தவிட்டில்தான் மிகுதி. வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரியும்போது புகையிலும் ஆர்செனிக் கலப்பதை மேற்கு வங்கத்தில் அளந்திருக்கிறார்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்குபவர் அடுப்படியில் நிற்கும் பெண்.

தீட்டிய அரிசியில் கனிம ஆர்செனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2014இல் கோடெக்ஸ் உணவுத்தர ஆணையம் வரம்பு வகுத்தது. நாளுக்கு 400 கிராம் அரிசி உண்ணும் உழவருக்கு அந்த வரம்பிலேயே 80 மைக்ரோகிராம் போய்ச் சேரும். தர அளவுக்குள் இருக்கும் 10 மைக்ரோகிராம் நீரை 4 லிட்டர் குடித்தால் வருவது 40 மைக்ரோகிராம்தான். எனவே நீரைச் சுத்தப்படுத்தியவுடன் சோறு முதன்மை வழியாகிறது. 2013இல் வெளிவந்த மேற்கு வங்க ஆய்வொன்று இதை மெய்ப்பித்தது: குடிநீரில் ஆர்செனிக் குறைந்திருந்த மக்களிடையேகூட, கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக் கொண்ட அரிசி உண்டவர்களின் சிறுநீர்ப்பாதைச் செல்களில் மரபுப்பொருள் சேதம் கூடுதலாக இருந்தது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுச் சமையலுக்கும் உழவுக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. அரிசியைக் களைந்து, ஆறு பங்கு நீர் வைத்து, வெந்ததும் கஞ்சி வடித்துச் சோறாக்கும் முறை அரிசியிலுள்ள ஆர்செனிக்கில் பாதிக்கு மேல்கூட நீக்கக்கூடும் என்று மேற்கு வங்க ஆய்வு ஒன்று 2006இல் காட்டியது. இதற்கு நிபந்தனை, உலைநீர் நல்ல நீராக இருக்க வேண்டும்; ஆர்செனிக் நீரில் உலை வைத்தால் சோறு இன்னும் ஏற்றிக்கொள்ளும். வடித்த கஞ்சியைக் குடித்தாலும் மாட்டுக்கு வைத்தாலும் நீக்கியது திரும்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீர் முழுவதையும் அரிசியே உறிஞ்சும் பிரஷர் குக்கர் சமையலில் இந்தப் பயன் இல்லை. வடிப்பதால் பி வைட்டமின்கள் போவது உண்மை. ஆர்செனிக் இல்லாத ஊரில் அந்த இழப்பை ஏற்கத் தேவையில்லை.

வயலில் தண்ணீரைக் கட்டியே வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதை இந்தப் பக்கத்து உழவர்கள் நீர் மிச்சம் பிடிக்கவே செய்கிறார்கள். ராஜராஜன் 1000 என்ற பெயரில் தமிழ்நாட்டில் பரப்பப்பட்ட செம்மை நெல் சாகுபடியின் நீர் முறையும் அதுவே. மண்ணுக்குள் காற்று புகுந்தால் இரும்பு மீண்டும் துருவாகி ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்கிறது. மணியில் ஏறுவது கணிசமாகக் குறைகிறது. அமில மண்ணில் இதே முறை காட்மியத்தைக் கூடுதலாக ஏற்றிவிடும் அபாயம் உண்டு. கார மண்ணில் அந்த அபாயம் குறைவு.

காவிரிக் கரையின் நிலை என்ன? வங்கத்தைப் போல் ஆர்செனிக் நோய் ஊர் ஊராகப் பரவிய வரலாறு காவிரிப் பாசனப் பகுதிக்கு இல்லை. தமிழ்நாட்டு நிலத்தடி நீரின் பேர்பெற்ற சிக்கல்கள் வேறு: தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் ஃபுளோரைடு, கடலோரத்தில் உப்பு, ராணிப்பேட்டை, வேலூர் பக்கத்தில் குரோமியம். காவிரி தக்காணத்தின் பழம்பாறைகளை அரித்து வரும் ஆறு. திருச்சியில் அந்தப் பாறை மண்ணுக்கு அடியில் அதிக ஆழத்தில் இல்லை. மலைக்கோட்டையாக நகரின் நடுவிலேயே தலைநீட்டி நிற்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள திருவரங்கத் தீவும் இரு கரைகளும் பருமணல் கலந்த வண்டல். ஆண்டுதோறும் ஆற்றுநீர் ஊடுருவிப் புதுப்பிக்கும் இத்தகைய மணலில் நிலத்தடி நீர் காற்றோடு தொடர்பறுந்து நெடுங்காலம் தேங்கிக் கிடப்பதில்லை. மாநகராட்சி ஆற்றுமணலில் அமைத்த சேகரிப்புக் கிணறுகளிலிருந்தே குடிநீர் எடுக்கிறது. வங்கத்தின் கறுத்த, தாவரக்கழிவு மிகுந்த, அசையாத சேற்றுப் படுகைக்கு நேர்மாறான அமைப்பு இது. திருவரங்கத்தை அடுத்த மேலூர்ப் பக்கத்து வாழையும் வெற்றிலையும் இந்த மணல்நீரால் வளர்ந்தவை.

ஆனால் கடும்பாறைப் பகுதி என்பதாலேயே கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில், பழைய தங்கச் சுரங்கப் பாறைத்தொடரின் மேல் அமைந்த கிரடள்ளி தாண்டாவில் ஆழ்குழாய் நீர் குடித்த பலரிடம் ஆர்செனிக் தோல்நோய் இருந்ததைச் சக்ரவர்த்தியின் குழு 2013இல் பதிவுசெய்தது. சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவ் மாவட்டத்திலும் கடும்பாறைக் கிணறுகளே நஞ்சாயின. வண்டலில் நஞ்சு பரந்த அடுக்காகக் கிடக்கும். பாறையில் ஒரு விரிசலில் இருக்கும், பக்கத்து விரிசலில் இருக்காது. அண்டை வீட்டுப் போர்வெல் நல்லதென்பது தன் வீட்டுப் போர்வெல்லுக்குச் சான்றாகாது.

திருச்சியைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய இன்னொரு வழி காரத்தன்மை. மணிகண்டம் பக்கத்து நிலங்களில் களர் மிகுதி. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்துக்கென்றே டி.ஆர்.ஒய். 1 முதலான நெல் ரகங்களை வெளியிட்டது. நீரின் பி.எச். 8.5ஐத் தாண்டினால் காற்றோட்டமுள்ள மண்ணிலும்கூட ஆர்செனிக் இரும்புத் துருவைவிட்டுக் கழன்று நீரில் கலக்கக்கூடும். அர்ஜென்டினாவின் சமவெளிகளில் நடந்தது இதுதான். களர் நிலக் கிணறுகளில் ஆர்செனிக் உண்டு என்பதற்கு இது சான்று அன்று. சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான குறிப்பு.

சோதனை எளிதானது. கைப்பெட்டிச் சோதனையில் குப்பியில் நீரை நிரப்பி அமிலத்தூளும் துத்தநாகத்தூளும் இடுவார்கள். நீரில் உள்ள ஆர்செனிக் வாயுவாகி மேலெழும். மூடியில் பொருத்திய பாதரச புரோமைடு தடவிய தாளில் பட்டு, வெள்ளைத் தாள் மஞ்சளாகி, அளவு கூடக்கூடப் பழுப்பாகும். அரைமணி நேரத்துக்குள் நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். அந்த வாயு கொடிய நஞ்சாதலால் திறந்தவெளியில், பழகியவர் கையால் செய்ய வேண்டும். துல்லியமான அளவுக்கு ஆய்வகம் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்ட ஆய்வகங்களை நடத்துகிறது.

சோதித்துச் சொல்வதே பாதி மருத்துவம் என்பதை வங்கதேசம் காட்டியது. அங்கே ஐம்பது லட்சத்தை நெருங்கும் குழாய்களைச் சோதித்து, கெட்டவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஆராய்ஹசாரில் தன் குழாய் கெட்டது என்று அறிந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் வேறு குழாய்க்கு மாறினர். நல்ல குழாய் அருகில் இல்லாத ஊருக்கு வடிகட்டி தேவை. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப்பின் குழு இரும்பு ஆக்சைடின் நுண்ணமைப்பைக் கொண்டு உருவாக்கிய அம்ரித் என்ற வடிகட்டி மேற்கு வங்கம் உள்ளிட்ட பகுதிகளில் ஊர்க் குடிநீர்த் திட்டங்களில் இயங்குகிறது. எந்த வடிகட்டியிலும் தேங்கும் ஆர்செனிக் சகதியை வயலோரம் கொட்டிவிடாமல் பத்திரமாக அகற்றுவது தனி வேலை. பல ஊர்களில் நின்றுபோன சுத்திகரிப்புப் பொறிகளுக்குப் பெரும்பாலும் தொழில்நுட்பம் காரணமில்லை. வடிகட்டிப் பொருளை மாற்ற ஆளும் பணமும் ஒதுக்காததே காரணம்.

திருச்சி, திருவரங்கம் பகுதியில் சோதனைக்குரிய நீர் குடிநீர்க் குழாயோடு முடிந்துவிடாது. காவிரியில் நீர் தாமதப்படும் ஆண்டுகளில் குறுவைக்கு ஓடும் பம்புசெட்டுகள், களர் நிலத்து ஆழ்குழாய்கள், மண்ணச்சநல்லூர் ஆலைகளில் நெல்லை ஊறவைத்து அவிக்கும் நீர் ஆகியவையும் அதில் சேரும். புழுங்கல் அரிசி ஊறும் நீரில் உள்ளதை ஏற்றுக்கொள்ளும் என்பது வங்கத்தில் கண்ட உண்மை. மாதிரி எடுக்குமுன் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த நீர் போனபின் பிடிக்க வேண்டும். கிணற்றின் ஆழத்தையும் பாறையா மணலா என்பதையும் புட்டியின் மேலேயே எழுத வேண்டும். ஆழம் குறிக்காத அளவீட்டை வைத்து அடுத்த கிணற்றை எந்த ஆழத்தில் போடுவது என்று சொல்ல முடியாது. ஆழ்குழாயை மேலும் இறக்கினால் நீர் வேறு அடுக்கிலிருந்து வரத் தொடங்கும். பழைய அளவீடு செல்லாது, மறுபடி சோதிக்க வேண்டும்.